மடாலயத்துக்குள் நவீனக் கலைக்கூடம்: முதலில் கட்டடத்தைக் கேளுங்கள்

பல நூற்றாண்டுப் பழமையான கல் மடாலயம் ஒன்று காலியாகக் கிடக்கிறது. துறவியர் போய்விட்டார்கள். அதை நவீனக் கலைக்கூடமாக மாற்றுவது முறையா, மாற்றினால் எதில் கை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய கட்டடங்களைப் பேணும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக மாற்றலாம். ஆனால் வேலையின் வரிசை தலைகீழாகிவிடக் கூடாது. பலர் ஒரு கலைச் சேகரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை மாட்டுவதற்குச் சுவர் தேடி மடாலயத்துக்குள் நுழைகிறார்கள். சுவர் போதவில்லை என்றால் இடிக்கிறார்கள், சுவர் கரடாக இருந்தால் பலகை அடித்து மறைக்கிறார்கள். கட்டடம் எதைத் தாங்கும், எந்த அறை எதற்குப் பொருந்தும் என்று கண்டறிந்த பிறகே படைப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் கீழே சொல்வதெல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முறையா என்ற கேள்விக்கு வரலாறே ஓரளவு பதில் தந்துவிடுகிறது. பொதுமக்களுக்கான கலை அருங்காட்சியகங்களில் பல மடாலயங்களுக்குள்தான் பிறந்தன. 1789இல் பிரான்ஸ் திருச்சபைச் சொத்துகளை நாட்டுடைமையாக்கியது. தேவாலயங்களிலிருந்து வந்த சிற்பங்களையும் கல்லறைச் சிலைகளையும் அலெக்ஸாந்தர் லெனுவார் பாரிஸில் பெத்தித் ஓகுஸ்தான் மடத்தில் சேர்த்துவைத்தார். 1795இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் துலூஸ் நகரத்து அகஸ்தீனியர் மடமும் அருங்காட்சியகமாயிற்று. ஸ்பெயினில் 1830களில் மடங்கள் கலைக்கப்பட்டபோது செவில் நகரின் மெர்செத் மடம் ஓவியக்கூடமானது. வெனிசில் அக்காதெமியா ஓவியக்கூடத்தின் ஒரு பகுதி, பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த மடத்துக்குள்தான் இருக்கிறது.

பயன்பாடு கிடைக்காத மடங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரான்ஸின் கிளூனி மடத்தில் மூன்றாவதாக எழுந்த தேவாலயம், ரோமில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகின் மிகப் பெரிய தேவாலயமாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை வாங்கியவர்கள் கல் கல்லாகப் பெயர்த்து விற்றார்கள். இன்று அதில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆளில்லாத கட்டடம் கல் குவாரியாகிவிடும் என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. பழைய கட்டடங்களைப் பேணுவதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், சமூகத்துக்குப் பயன்படும் ஒரு வேலையைக் கட்டடத்துக்குக் கொடுப்பது அதைக் காப்பாற்ற உதவும் என்றே சொல்கிறது. ஆனால் அதே விதியின் அடுத்த பாதியைப் பலர் படிப்பதில்லை. அந்தப் பயன்பாடு கட்டடத்தின் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்பதுதான் அந்த அடுத்த பாதி.

நான் யாருக்கும் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு செவில் நகரின் கார்த்துகா மடம். 1400ஆம் ஆண்டளவில், தனிமையில் வாழும் கார்த்தூசியத் துறவியருக்காகத் தொடங்கப்பட்டது. கொலம்பஸின் உடல் சில பத்தாண்டுகள் அங்கே அடக்கமாகியிருந்தது. 1810இல் நெப்போலியனின் படை அதைப் பாசறையாக்கியது. துறவியர் வெளியேற்றப்பட்ட பின், சார்லஸ் பிக்மன் என்ற ஆங்கிலேய வணிகர் 1841இல் அதற்குள் பீங்கான் தொழிற்சாலை தொடங்கினார். புட்டி வடிவச் சூளைகளும் உயர்ந்த புகைபோக்கிகளும் மடத்துக்குள் எழுந்தன. 1982வரை அங்கே பீங்கான் சுடப்பட்டது. 1992ஆம் ஆண்டு உலகக் கண்காட்சியை ஒட்டி மடம் புதுப்பிக்கப்பட்டு, 1997 முதல் தென் ஸ்பெயினின் அந்தலூசியா மாநிலத்துச் சமகாலக் கலை மையத்துக்கு இருப்பிடமாக இருக்கிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்றுதான்: அந்தச் சூளைகளை அவர்கள் இடிக்கவில்லை. துறவியர் காலத்து ‘தூய’ மடத்தை மீட்கிறோம் என்று கிளம்பியிருந்தால் ஒன்றரை நூற்றாண்டுத் தொழிலாளர் வரலாறு குப்பைக்குப் போயிருக்கும். தேவாலயத்தின் கல் வளைவுக்கு எதிரே கரி படிந்த சூளை நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் இன்றைய படைப்பு ஒன்று நிற்கும்போது அது மூன்றாவது அடுக்காக இயல்பாகவே சேர்ந்துகொள்கிறது. உங்கள் மடத்திலும் பிற்காலத்தில் சேர்ந்த தானியக் கிடங்கோ பள்ளிக்கூட அறையோ இருந்தால், அசிங்கம் என்று சொல்லி முதல் நாளே இடித்துவிடாதீர்கள். எல்லாக் காலத்துப் பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்று வெனிஸ் சாசனம் சொல்வது அழகான பகுதிகளுக்கு மட்டும் அல்ல.

அடுத்து, மடத்தின் தரைப்படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மேற்கத்திய மடாலயங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒரே இலக்கணத்தில் போகும். வடக்கே தேவாலயம். அதன் நிழல் விழாமல் தெற்கே சதுர முற்றம், அதைச் சுற்றித் தூண் தாழ்வாரம். கிழக்குப் பக்கம் துறவியர் நாள்தோறும் கூடும் மண்டபம், அதன்மேல் துயிற்கூடம். தெற்கே உணவுக்கூடம். மேற்கே களஞ்சியம். இடத்துக்கேற்ப இது மாறும், திசை புரளும். ஆனால் ஒவ்வொரு அறையும் ஒரு செயலுக்காகவே பிறந்தது என்பது மாறாது. அந்தச் செயலை அறிந்தால் எங்கே எதை வைப்பது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

களஞ்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தேவாலயத்தையே பார்த்துக்கொண்டிருக்க, பாரமான சிற்பங்களுக்கு உகந்த இடம் அங்கேதான் இருக்கிறது. தானிய மூட்டையும் மதுப் பீப்பாயும் அடுக்கத் தரையைத் திடமாகப் போட்டிருப்பார்கள், வண்டி நுழைய அகன்ற வாசல் வைத்திருப்பார்கள். ஒரு டன் எடையுள்ள இரும்புப் படைப்பைக் கொண்டுவர எதையும் உடைக்க வேண்டியதில்லை. உணவுக்கூடம் நீளமானது. உண்ணும்போது ஒருவர் திருநூல் வாசிப்பதை அனைவரும் கேட்கும்படி கட்டப்பட்டது. ஒலியை மையமாகக் கொண்ட படைப்புகள் அங்கே நன்றாக அமையும். ஆனால் தேவாலயத்தின் கல் வளைவுக் கூரைக்குக் கீழே ஓர் ஒலி அடங்கப் பல நொடிகள் ஆகும். பேச்சு நிறைந்த காணொளிப் படைப்பை அங்கே வைத்தால் ஒரு சொல்லும் புரியாது. அதே இடத்தில் ஒற்றைக் குரலின் நீண்ட இசையை ஒலிக்கவிட்டால் கூடமே பாடும்.

துறவியரின் சிற்றறைகளுக்கு வருகிறேன். என் மனம் அதிகம் பதறுவது இவற்றுக்காகத்தான். மூன்று மீட்டருக்கு நான்கு மீட்டர் அறை, ஒரு சன்னல், குறுகிய கதவு. பெரிய கித்தான் ஓவியம் உள்ளே நுழையாது. உடனே யாராவது, ‘இடைச்சுவர்களை எடுத்துவிட்டால் நல்ல நீளமான கூடம் கிடைக்குமே’ என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் மடம் செத்துவிடும். சுவரைத் திரும்பக் கட்டலாம். ஆனால் முந்நூறு ஆண்டு மனிதர்கள் தனியாக இருந்து பார்த்த அந்த அளவும் அமைதியும் திரும்பி வராது. புளோரன்ஸின் சான் மார்கோ மடத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிற்றறைகள் இருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி ஓவியர் பிரா ஆஞ்சலிகோவும் உதவியாளர்களும் அறைக்கு ஒன்றாகச் சுவரோவியம் தீட்டினார்கள், அந்த அறையில் வாழும் ஒரே ஒரு துறவியின் கண்ணுக்காக. 1869இல் மடம் அருங்காட்சியகமானபோதும் அறைகள் அறைகளாகவே நின்றன. இன்றும் ஒவ்வொரு வாசலாக நின்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் அறைக்கு ஒரு படைப்பு, ஒரு முறைக்கு இரண்டு மூன்று பேர் என்ற கட்டுப்பாட்டை அந்தக் கட்டடமே விதிக்கிறது. சிறு ஓவியங்கள், கோட்டோவியங்கள், புகைப்படங்கள், ஒரே ஒரு திரையில் ஓடும் காணொளி என்று நவீனக் கலையில் இந்த அளவுக்குப் பொருந்துபவை ஏராளம் இருக்கும்போது எதற்காக இடிக்க வேண்டும்?

ஒரு சுவரில் ஒரு துளை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிலானில் சாட்சி இருக்கிறது. லியொனார்தோவின் ‘இறுதி இராவுணவு’ ஒரு தொமினிக்க மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. 1652இல் அந்தச் சுவரில் வாசலைப் பெரிதாக்கினார்கள், அநேகமாக நடமாட்ட வசதிக்காக. ஓவியத்தில் இயேசுவின் பாதங்கள் இருந்த பகுதி அதோடு போயிற்று. வசதிக்காக ஒரு கதவு என்று யாராவது வரைபடத்தில் கோடு போடும்போது எனக்கு அந்தப் பாதங்கள்தான் நினைவுக்கு வரும். சுண்ணாம்புப் பூச்சின் அடியில் என்ன ஓவியம் மறைந்திருக்கிறது என்று அறுவைக்கத்தியால் சிறு சதுரங்களாகச் சுரண்டிப் பார்க்காமல், ஒரு மின்குழாய்க்குக்கூடச் சுவரை வெட்ட அனுமதிக்காதீர்கள்.

இனி ஈரம். இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், ஏனென்றால் பணமும் மனமும் கரைவது இங்கேதான்.

பழைய கல் சுவர் இரண்டு கல் முகங்களுக்கு நடுவே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பியது. அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் இருக்காது. மண்ணின் ஓதம் சுவரில் ஏறும், சுண்ணாம்புக் காரையின் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறும். இந்த மூச்சு நடக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. சிமெண்ட் பூச்சுப் பூசினால் மூச்சு அடைபடும். ஓதம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெடிக்கும். சுவரில் உப்பும் இருக்கும். மடத்து நிலத்தில் புதைக்கப்பட்டவர்கள், கட்டப்பட்டிருந்த கால்நடைகள், சேமித்த உணவு என்று நூற்றாண்டுகளாகச் சேர்ந்த உப்பு. சாதாரணச் சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது கரையும், கீழே இறங்கும்போது படிகமாகும். ஒவ்வொரு முறை படிகமாகும்போதும் காரையை உள்ளிருந்து தள்ளும். பூச்சு பொரிந்து உதிர்வது இதனால்தான். பல காலமாகக் குளிர்ந்தும் ஈரமாகவும் கிடந்த மடத்தில் ஒரே பருவத்தில் வெப்பமூட்டிகளைப் போட்டு உலர்த்தினால், உப்பு முழுவதும் சுவரின் முகத்துக்கு ஓடிவந்து பூக்கும். சுவரோவியம் இருந்தால் அதுவும் சேர்ந்து உதிரும்.

நான் வேலை பார்த்த ஒரு மடத்தில் இதை நேரில் கண்டேன். திறப்பு விழா நெருங்கிவிட்டது, சுவர்கள் கறையாக இருக்கின்றன என்று சொல்லி, ஜிப்சம் பலகைகளை அடித்து வெள்ளையடித்துவிட்டார்கள். பளிச்சென்று இருந்தது. இரண்டாவது குளிர்காலம் முடியும்போது ஓர் ஓவியத்தைக் கழற்றியவர் பலகைக்குப் பின்னாலிருந்து வந்த நாற்றத்தைக் கவனித்தார். பலகையைப் பெயர்த்தால் பின்புறம் முழுக்கக் கரும்பூஞ்சை. ஓவியச் சட்டங்களின் முதுகிலும் பரவியிருந்தது. நான் எதிர்ப்பைச் சொல்லியிருந்தேன், ஆனால் வேலையை நிறுத்தும் அளவுக்கு உறுதியாகச் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் அழுத்திச் சொல்கிறேன்: சுவரை மறைக்க வேண்டாம். படம் மாட்டச் சமமான பரப்பு வேண்டுமென்றால் சுவரைத் தொடாமல் தனியே நிற்கும் மறைப்புகளை வையுங்கள். பின்னால் ஒரு ஆள் நுழையும் இடைவெளி இருக்கட்டும். காற்றும் போகும், சுவரின் நிலையையும் பார்க்கலாம்.

ஈரத்துக்கு மருந்து பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியேதான் கிடைக்கும். மடங்களைக் கட்டியவர்கள், குறிப்பாகச் சிஸ்தர்சியத் துறவியர், தண்ணீரை ஆளத் தெரிந்தவர்கள். ஓடையைத் திருப்பிச் சமையலறை, கழிவறை, ஆலை வழியே கொண்டுபோய் மூடிய கால்வாய்களில் வெளியேற்றினார்கள். அந்தக் கால்வாய் தூர்ந்துபோயிருந்தால் தண்ணீர் அடித்தளத்தில்தான் நிற்கும். விலை உயர்ந்த ஈர உறிஞ்சி இயந்திரம் வாங்குவதற்கு முன்னால், பல நூற்றாண்டுக்கு முந்தைய அந்த வடிகாலைத் தேடித் தூர்வாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று ஒரு மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு சுற்றிவந்து பாருங்கள்.

கலைப்படைப்புகளுக்கு வேண்டிய தட்பவெப்பம் பற்றி அருங்காட்சியகத் துறையின் பார்வை இப்போது தளர்ந்திருப்பது உங்களுக்குச் சாதகம். முன்பு 50 விழுக்காடு ஈரப்பதம், ஐந்து கூடக் குறைய என்று மிகக் குறுகிய வரம்பைக் கேட்டார்கள். அதைக் கல் மடத்தில் நிலைநிறுத்த வேண்டுமானால் மடத்தையே குளிர்சாதனப் பெட்டியாக்க வேண்டும். பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் கூடும் பீஸோ குழு ஏற்றுக்கொண்ட நெறிமுறை 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம், 16 முதல் 25 பாகை வெப்பம் என்று விரிந்திருக்கிறது; ஒரு நாளுக்குள் ஈரப்பதம் பத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. தடித்த சுவர்கள் இந்தத் திடீர் மாற்றத்தைத் தாமாகவே தடுத்துவிடும். பார்வையாளர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சும்மா நிற்கும் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஐம்பது கிராம் அளவுக்கு நீராவியை வெளிவிடுகிறார். நாற்பது பேர் நின்றால் இரண்டு லிட்டர் தண்ணீரை அந்த அறைக் காற்றில் ஊற்றியதற்குச் சமம். மிலான் உணவுக்கூடத்தில் சிறு குழுக்களாக, பதினைந்து நிமிடம் மட்டும் விடுவது இதனால்தான். பலகையில் தீட்டிய ஓவியம், பழைய காகிதம் போன்ற நுட்பமானவற்றை இரவல் வாங்க விரும்பினால், அவற்றுக்கென ஓரிரு அறைகளை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்துங்கள். மற்ற இடங்களில் கல், உலோகம், பீங்கான், ஒலி, ஒளி என்று அந்தக் காற்றைத் தாங்கும் படைப்புகள் இருக்கட்டும்.

வெளிச்சத்திலும் இதே கணக்குதான். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ், எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 லக்ஸ் அளவு போதும். நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டும். முற்றத்துத் தாழ்வாரத்தைக் கண்ணாடி போட்டு மூடிப் படம் மாட்டலாம் என்ற யோசனை எல்லாத் திட்டத்திலும் ஒரு முறை தலைகாட்டும். தயவுசெய்து வேண்டாம். தாழ்வாரம் நடப்பதற்கானது. ஒரு படைப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைவேளையில் மழையும் வானமும் தெரிய வேண்டும்.

பாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரோப்பிய விதிகளின்படி வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ தாங்கும் வலிமை போதும், காட்சிக்கூடத்துக்கு 500 கிலோ வேண்டும். மேல்மாடித் துயிற்கூடத்தின் மரத்தளம் அதற்காகப் பிறந்ததல்ல. தளத்துக்கு அடியில் இரும்பைத் திணிப்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் மேலே போகலாம் என்று வரையறுப்பது மலிவு, நல்லதும்கூட. வளைவுக் கூரையில் கொக்கி அடித்து எதையும் தொங்கவிட எந்தக் கலைஞர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் பழைய சுவர்களுக்குள் அடைக்க வேண்டியதில்லை. பிரான்ஸின் கோல்மார் நகரில் உன்டர்லிண்டன் அருங்காட்சியகம் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொமினிக்கக் கன்னியர் மடத்தில் 1853 முதல் இருக்கிறது. புகழ்பெற்ற ஐசன்ஹைம் பலிபீட ஓவியம் இருப்பது அங்கேதான். நவீனக் கலைக்கு இடம் போதாமல் போனபோது மடத்தைக் குடையவில்லை. எதிர்ப்புறத்தில் இருந்த 1906ஆம் ஆண்டுக் குளியல் மண்டபத்தையும் ஒரு புதிய கட்டடத்தையும் சேர்த்துக்கொண்டு, நிலத்தடிக் கூடம் ஒன்றால் மடத்தோடு இணைத்தார்கள். 2015இல் முடிந்த அந்த வேலையை ஹெர்ஸோக், தெ மெரோன் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் செய்தார்கள். நடுவே மூடிக்கிடந்த கால்வாயையும் திறந்துவிட்டார்கள். கழிவறை, லிஃப்ட், பாதுகாப்பு அறை, படைப்புகளை இறக்கும் இடம் போன்றவற்றை இப்படிப் புதிய பகுதிக்குத் தள்ளிவிட்டால் மடத்துக்குள் குழாயும் கம்பியும் வெகுவாகக் குறைந்துவிடும். புதியது புதியதாகவே தெரியட்டும். பழையதைப் போல நடிக்கும் வளைவு வாசல் வேண்டாம்.

குறையையும் ஏற்றுக்கொள்ளலாம். மெக்சிகோ நகரில் பழைய கார்மேல் கன்னியர் மடம் ஒன்று 1993 முதல் ‘எக்ஸ் தெரேசா’ என்ற பெயரில் சமகாலக் கலைக்கூடமாக இயங்குகிறது. ஏரிப்படுகை மேல் எழுந்த நகரம் என்பதால் கட்டடம் சாய்ந்திருக்கிறது. நிகழ்த்துக்கலையும் ஒலிக்கலையும் அங்கே செழித்தன. சாய்ந்த தரையில் நிற்கும் உடல் தன் எடையை உணர்கிறது. அங்கே வேலை செய்யும் கலைஞர் அதைக் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது.

தீ விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். கூரைப் பரணின் உலர்ந்த மரச்சட்டங்களுக்கு அருகே வெல்டிங், ஊதுவிளக்கு இரண்டையும் தடை செய்யுங்கள். காற்றை உறிஞ்சிப் புகையை அறியும் மெல்லிய குழாய்களை இருக்கும் விரிசல்கள் வழியே செலுத்த முடியும், சுவரை வெட்ட வேண்டாம். அந்தப் பரணில் வௌவால்கள் குடியிருந்தால் ஐரோப்பிய நாடுகளில் அவை சட்டப் பாதுகாப்புக்கு உரியவை. அவை குட்டி வளர்க்கும் பருவம் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

கடைசியாக, புனிதம். கத்தோலிக்க மடமாக இருந்தால் தேவாலயப் பகுதிக்கும் வாழ்விடப் பகுதிக்கும் வேறுபாடு உண்டு. தேவாலயத்தை உலகியல் பயன்பாட்டுக்கு மாற்ற ஆயர் முடிவெடுக்க வேண்டும். அந்தப் பயன்பாடு இழிவானதாக இருக்கக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1222ஆவது விதி. பலர் கவனிக்காதது 1238ஆவது விதி: கட்டடம் உலகியலுக்குப் போனாலும் பலிபீடம் தன் அர்ப்பணிப்பை இழப்பதில்லை. எனவே பீடத்தைப் படைப்பு வைக்கும் மேடையாகப் பயன்படுத்துவது பெரும் பிழை. தரைக்கு அடியில் துறவியர் அடக்கமாகியிருப்பார்கள். எங்கே தோண்டினாலும் தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும், எலும்புகள் கிடைத்தால் என்ன செய்வது என்பதைத் தோண்டும் முன்பே அந்தத் துறவற சபையோடு பேசி முடிவு செய்திருக்க வேண்டும். இதனால் மதம் சார்ந்த கலையை மட்டும்தான் காட்ட வேண்டும் என்று பொருளல்ல. பிரான்ஸின் லியோன் நகருக்கு அருகே நவீனக் கட்டடக் கலைஞர் லு கொர்புசியே கட்டிய லா தூரெத் மடத்தில் தொமினிக்கத் துறவியர் இன்னும் வாழ்கிறார்கள். அவர்களே 2015இல் சமகாலச் சிற்பி அனிஷ் கபூரின் படைப்புகளைத் தங்கள் வழிபாட்டு இடங்களுக்கு நடுவே வைத்தார்கள். கேள்வி கேட்கும் படைப்பு, நம்பிக்கையை மறுக்கும் படைப்பு இரண்டுக்கும் இடம் உண்டு. ஆனால் அதிர்ச்சிக்காக மட்டும் ஒரு மடத்தைப் பின்னணியாகப் பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

ஆகவே முதல் ஆண்டில் எதையும் கட்டாதீர்கள். கூரை ஒழுகலை நிறுத்துங்கள், வடிகாலைத் தூர்வாருங்கள், ஒவ்வோர் அறையிலும் ஈரப்பதமும் வெப்பமும் பதியும் சிறு கருவியை மாட்டிவைத்து நான்கு பருவமும் ஓடவிடுங்கள். அந்த ஆண்டிலேயே இரண்டு மூன்று கலைஞர்களை அழைத்து, மாதத்தில் சில நாட்கள் அங்கே இருக்கச் சொல்லுங்கள். எந்த அறையில் எந்த நேரத்தில் வெளிச்சம் விழுகிறது, எங்கே குரல் திரும்பி வருகிறது என்று அவர்கள் எழுதிவைக்கும் குறிப்பையும், கருவிகள் தரும் அளவையும் ஒரே மேசையில் பரப்பிய பிறகு கட்டடக் கலைஞரைக் கூப்பிடுங்கள்.